ரெட்டை சைக்கிளுக்கு வீல் ஸ்க்யூவர் வாங்கப்போறீங்களா, அப்ப இதைப் பாத்துட்டு வாங்குங்க

டாண்டம், அதாங்க ரெண்டு பேரு முன்னபின்ன உக்காந்து மிதிக்கிற ரெட்டை சைக்கிள், நானும் மச்சானும் சேந்து பழசா ஒண்ணு வாங்குனோம். காரைக்குடில அதுல போனா டீக்கடை பெஞ்சே திரும்பிப் பாக்கும். வாங்குன புதுசுல குன்றக்குடி ரோட்ல ஒரு ஏத்தத்துல நிப்பாட்டி தண்ணி குடிச்சிட்டு ரெண்டு பேரும் ஒரே மூச்சா எந்திரிச்சு மிதிச்சோம் பாருங்க, பின்னாடி டக்குனு ஒரு சத்தம், வண்டி அப்படியே நின்னுபோச்சு. இறங்கிப் பாத்தா பின்வீல் கோணிக்கிட்டு டயரு இடது பக்க ஃப்ரேம் கம்பில ஒட்டிக்கிட்டு நிக்குது. "என் வெயிட்டால இல்ல மாப்ள"ன்னு மச்சான் முந்திக்கிட்டாப்ல. உண்மைதான், தப்பு என் மேல. செவப்பா பளபளன்னு இருக்கேன்னு ஆன்லைன்ல வாங்கி மாட்டுன ஸ்க்யூவர்தான் காரணம்.

ஸ்க்யூவர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஹப்புக்கு (வீலோட நடு உருளைக்கு) நடுவுல ஓட்டையா இருக்க ஆக்சிலுக்குள்ள போற 5 மிமீ கம்பி, ஒரு பக்கம் லீவர், மறுபக்கம் நட்டு. லீவரை மடக்குனா உள்ள இருக்க கேம், அதாங்க ஒரு பக்கம் புடைச்ச உருளை, கம்பியை இழுத்து ஃப்ரேமை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். ஒத்தை சைக்கிள்ல சுமாரான ஸ்க்யூவரே சமாளிச்சிரும், இங்க ரெண்டு பேரோட மிதியும் ஒரே செயின்ல பின்வீலுக்கு வருது, செயினு ஆக்சிலோட வலது முனையை முன்னால இழுக்குது, பிடி பத்தலன்னா எனக்கு ஆன மாதிரிதான் ஆகும். அதுவும் ஆக்சில் உக்கார்ற பள்ளம் படுக்கைவாட்டுல இருக்க பழைய ஃப்ரேம்னா கேக்கவே வேணாம்.

ஸ்டெப் 1: உங்க வண்டிக்கு ஸ்க்யூவர் வேணுமான்னு பாருங்க. வெளிய நட்டு போட்டு ஸ்பேனரால முறுக்குற ஆக்சிலா இருந்தா இந்தப் பதிவே உங்களுக்கு இல்ல. 12 மிமீ தடிமன்ல கம்பி முழுசா உருவி வர்ற த்ரூ ஆக்சிலா இருந்தாலும் இது செட் ஆகாது.

ஸ்டெப் 2: அளவு எடுங்க. இதுலதான் நிறைய பேரு ஏமாறுறது. சாதா ரோடு சைக்கிள் பின்வீலு 130 மிமீ, மலைச் சைக்கிள் 135, ஆனா டாண்டம்ல 140, 145, சிலதுல 160 வரைக்கும் போகும். முன்வீலு பெரும்பாலும் 100தான். நான் வீலைக் கழட்டி அப்பத்தா வீட்டு வளவுல (நடு முத்தத்துல) ஆத்தங்குடிக் கல்லு மேல படுக்கப்போட்டு, ஹப்போட ரெண்டு பக்க லாக்நட்டுக்கும் (ஃப்ரேமோட உள்பக்கம் ஒட்டி நிக்கிற நட்டு) இடைல வெர்னியர் வச்சு அளந்தேன், 145 வந்துச்சு. (கிரீஸ் கறை பட்டா போகாதுடான்னு அப்பத்தா திட்டுனது தனிக்கதை, கீழ பேப்பர் விரிச்சுக்கங்க.) கடைல "பின்வீல் ஸ்க்யூவர் குடுங்க"ன்னு மொட்டையா கேட்டா 130, 135க்கு உள்ளதைத்தான் எடுத்துத் தருவாங்க, அது நட்டுல ரெண்டு மூணு சுத்துதான் ஏறும், அந்தப் பிடியை நம்பி ரெண்டு உசுரு போகக்கூடாது. நட்டோட மரை முழுக்க கம்பி நிறைஞ்சிருக்கணும். டாண்டம் அளவைச் சொல்லியே கேளுங்க.

ஸ்டெப் 3: கம்பி எஃகா இருக்கட்டும். டைட்டானியம் வெயிட்டு கம்மிதான், ஆனா விறைப்பு எஃகுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான், அதனால லீவரை மடக்குறப்ப கம்பி நீளுறதுலயே பாதி இழுவை போயிரும், கவ்வுறதுக்கு மிச்சம் கம்மி. ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்க, ஒட்டுனா எஃகு. சில ஸ்டெயின்லெஸ்ல ஒட்டாது, அதையும் மனசுல வச்சுக்கங்க. ரெண்டு பேரு ஏறுற வண்டில அம்பது கிராம் மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப்போறோம்?

ஸ்டெப் 4: கேம் மூடியிருக்கான்னு பாருங்க. என்னையக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். லீவரு வச்ச இந்த ஸ்க்யூவரை, அதாங்க குயிக் ரிலீஸை, 1930கள்ல பிரபலமாக்குன கம்பன்யோலோ கம்பெனியோட பழைய டிசைன்ல கேம் ஒரு உலோகக் கூட்டுக்குள்ள இருக்கும், ஷிமானோவும் அதே மாதிரி செய்யிறாங்க. இன்னொரு வகைல லீவரு வெளிய தெரியிற பிளாஸ்டிக் குழி மேல உரசிக்கிட்டு திரும்பும். நம்ம கைபலத்துல பெரும்பங்கு அந்த உரசல்லயே போயிரும், அதோட கானாடுகாத்தான் பக்கம் ஒரு சுத்து போயிட்டு வந்தா செம்மண் தூசி அதுல அப்பிக்கிட்டு இன்னும் இறுகிக்கும். லீவரு கஷ்டமா மடங்குது, நல்லா டைட்டா இருக்குன்னு நாம நினைச்சுக்குவோம், கவ்வல் இருக்காது. என் செவப்பு ஸ்க்யூவரும் இந்த ரகம்தான். கூடுதலா டைட்டானியம் வேற.

ஸ்டெப் 5: பல்லைத் தடவிப் பாருங்க. நட்டும் லீவர் பக்க முகமும் ஃப்ரேம்ல படுற இடத்துல கூர்மையான பல்லு இருக்கணும், அந்தப் பல்லும் எஃகா இருக்கணும். அலுமினியப் பல்லு நாளாக நாளாக மழுங்கி வழுக்கும்.

அடிக்கடி வீலைக் கழட்ட மாட்டீங்கன்னா லீவரே இல்லாத, ஆலன் கீ போட்டு முறுக்குற எஃகு ஸ்க்யூவரும் நல்லது. வழில நிக்கிறப்ப லீவரைத் திருகி விளையாடுற பசங்க தொல்லையும் இல்ல.

ஸ்டெப் 6: மாட்டுறது. ஸ்க்யூவரு கம்பில வர்ற ரெண்டு ஸ்பிரிங்கோட சின்ன முனையும் உள்பக்கம், ஹப்பைப் பாத்து இருக்கணும். ஆக்சில் முனை ஃப்ரேமுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, நீட்டிருந்தா ஸ்க்யூவரு ஃப்ரேமைப் பிடிக்காம ஆக்சிலைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்கும். வண்டியைத் தரைல நிப்பாட்டி வீலு பள்ளத்துல முழுசா உக்காந்திருக்கான்னு பாத்துட்டு, பின்னாடி ஒருத்தரைப் பிடிச்சுக்கச் சொல்லி மடக்குங்க. லீவரு வண்டிக்கு நேர் வெளிய நீட்டி நிக்கிற பாதி தூரத்துலயே இறுக ஆரம்பிக்கணும், மடக்கி முடிச்சதும் உள்ளங்கைல லீவரோட அச்சு விழணும். விழலன்னா திறந்து நட்டை கால் சுத்து ஏத்திட்டு திரும்ப மடக்குங்க. லீவரையே பிடிச்சு நட்டு மாதிரி சுத்தி டைட் பண்றவங்களைப் பாத்திருக்கேன், கேமை மடக்காம அப்படி சுத்துறது பிடியே இல்ல.

டிஸ்க் பிரேக் வண்டின்னா ரெண்டு விஷயம். பிரேக் பிடிக்கிறப்ப முன் ஆக்சிலை கீழ தள்ளுற விசை வரும், அதுனால ஃபோர்க் நுனில வீலு நழுவாம தடுக்குற சின்ன உதட்டை, கழட்ட இடைஞ்சலா இருக்குன்னு ராவித் தள்ளிராதீங்க. லீவரை முழுசா திறந்து ஒரு சுத்து சுத்தி, டிஸ்க்ல படலன்னும் பாத்துக்கங்க, பட்டா எதிர்ப்பக்கம் மாத்தி மாட்டணும்.

மாட்டுனதும் முன்பக்கத்தைத் தூக்கி டயரு மேல உள்ளங்கையால ரெண்டு அடி போடுங்க, வீலு அசையக்கூடாது. நாங்க இப்ப எஃகுக் கம்பி, மூடுன கேமுதான், பிள்ளையார்பட்டி போனாலும் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு லீவரையும் தொட்டுப் பாக்குறது மச்சான் வேலை. மாசத்துக்கு ஒருதரம் கேமுல ஒரு சொட்டு எண்ணெய் விடுறது என் வேலை, அதையும் வாசல்லதான் செய்யிறேன், வளவுல இல்ல.