பெரிய வீட்டுச் செடிக்குத் தொட்டியும் வடிகாலும்

ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட ரப்பர் செடிக்கோ மான்ஸ்டெராவுக்கோ புதிய தொட்டி தேடும்போது நம் கண் இலைகளின் பரப்பைத்தான் முதலில் அளக்கிறது. ஆனால் தொட்டி வேருக்கு உரிய இடம் என்பதால், அளவெடுக்க வேண்டியது வேர்ப்பந்தை. செடியைப் பக்கவாட்டில் சாய்த்து, தண்டின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, பழைய தொட்டியை மெல்ல உருவிப் பாருங்கள். வேர்கள் மண்ணைச் சுற்றிச் சுற்றி வளையமிட்டு, வெளிப்புறத்தில் மண்ணே தெரியாத அளவுக்குப் பின்னிக் கிடந்தால் தொட்டி மாற்றும் காலம் வந்துவிட்டது. மண் உதிர்ந்து கொட்டினால் பழைய தொட்டியே இன்னும் சில காலத்துக்குப் போதும்.

புதிய தொட்டியின் வாய் விட்டம் பழையதைவிட 5 செ.மீ. அளவுக்குக் கூடுதலாக இருந்தால் போதுமானது. ஏற்கெனவே மிகப் பெரிய தொட்டியில் இருக்கும் செடிக்கு இன்னும் சற்றுத் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரேயடியாக இரு மடங்கு பெரிய தொட்டிக்கு மாற்றினால், வேர் எட்டாத மண்ணில் தேங்கும் ஈரத்தை உறிஞ்ச எதுவும் இருக்காது. அந்த ஈரம் மண்ணின் இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் காற்று உள்ளே செல்வதில்லை. வேரும் சுவாசிக்க வேண்டும். காற்றில்லாமல் வலுவிழந்த வேரைப் பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் எளிதில் அழுகச் செய்கின்றன. வீட்டுச் செடிகள் பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சத்தால் சாவதைவிட இப்படித்தான் சாகின்றன என்பது என் உறுதியான கருத்து.

தொட்டியின் அடியில் கூழாங்கற்களை நிரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிரானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட கல் அடுக்குக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மண் முற்றிலும் நனைந்து ததும்பிய பிறகே இறங்கும். எனவே வழக்கமாகத் தொட்டியின் அடியில் நிற்கும் ஈர மண்டலம் கற்களுக்கு மேலே, அதாவது வேருக்கு இன்னும் அருகில், வந்து நிற்கிறது. இதைக் கண்ணால் காண விரும்புபவர்கள் ஒரு ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துத் தட்டையாகப் பிடித்து, சொட்டுவது நின்றதும் அதைச் செங்குத்தாகத் திருப்பிப் பார்க்கட்டும். மீண்டும் நீர் சொட்டும். உயரம் கூடினால் கூடுதல் நீர் வடிகிறது, ஆனாலும் அடியில் ஒரு பகுதி நனைந்தே நிற்கிறது. தொட்டி மண்ணிலும் இதேதான். ஈர மண்டலத்தின் உயரத்தை மண்ணின் தன்மையே முடிவு செய்கிறது. ஆகையால் ஆழம் குறைந்த தொட்டியில் மண்ணின் பெரும் பங்கு நனைந்தே இருக்கும். கல்லுக்குச் செலவிடும் இடத்தையும் நல்ல மண்கலவைக்கே கொடுங்கள்: தென்னை நார்க்கழிவும் மக்கிய உரமும், அவற்றோடு பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெண்ணிறத் துகள்கள்) அல்லது மரப்பட்டைத் துண்டுகளும் கலந்தது. தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் அது தொட்டிக்குள் இறுகிவிடும்.

பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு துளை போதாது. விரல் நுழையும் அளவில் மூன்று நான்கு துளைகள் பரவலாக இருப்பது நல்லது. அவற்றின் மேல் ஒரு துண்டு கொசுவலை போட்டால் மண் வெளியேறாது, நீர் தடைபடாது. தொட்டியின் அடிப்பாகம் தரையோடு ஒட்டி உட்கார்ந்தால் துளை இருந்தும் பயனில்லை என்பதால் சிறு கால்களோ ஓட்டுத் துண்டுகளோ வைத்து ஒரு செ.மீ.யாவது உயர்த்துங்கள். துளையில்லாத செராமிக் தொட்டியில் துளையிட விரும்பினால் டைல்ஸுக்குரிய துளைக்கருவி முனையைப் பொருத்தி, சுத்தியல் இயக்கத்தை நிறுத்தி, நீர் ஊற்றிக்கொண்டே மெதுவாக இறக்க வேண்டும்.

சுடுமண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாவதால், அடிக்கடி தண்ணீர் ஊற்றும் பழக்கமுள்ளவர்களுக்கு அது பொருந்தும். அதன் எடை, தலைகனத்த செடி சாயாமலும் காக்கும். பிளாஸ்டிக் ஈரத்தை நெடுநேரம் வைத்திருக்கும், தூக்கவும் எளிது. 35 செ.மீ. விட்டமும் அதே உயரமும் கொண்ட தொட்டி சுமார் 30 லிட்டர் கொள்ளும் என்பதால், நனைந்த மண்ணோடு அதன் எடை 30 கிலோவை எட்டலாம். நடுவதற்கு முன்பே சக்கரப் பலகையின் மேல் தொட்டியை வைத்துவிடுங்கள். வயிறு பெருத்து வாய் குறுகிய தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அடுத்த முறை அதை உடைக்காமல் செடியை எடுக்க முடியாது.

அழகுத் தொட்டி ஒன்று வேண்டுமென்றால், துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை வைத்து, அதை அழகுத் தொட்டிக்குள் இறக்கலாம். ஆனால் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் கழித்து உள்ளே தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே விதிதான். கனத்த செடியை ஒவ்வொரு முறையும் தூக்க முடியாதவர்கள் பஞ்சாலோ பெரிய ஊசிக்குழலாலோ அந்த நீரை உறிஞ்சி எடுக்கலாம். மறுநடவு முடிந்ததும் ஒரு முறை நிறைய ஊற்றி, எல்லாத் துளைகளிலிருந்தும் நீர் வெளிவருகிறதா என்று பாருங்கள். பிறகு மேல்மண் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு உலரும் வரை அடுத்த தண்ணீருக்கு அவசரம் இல்லை.