பெரிய அரங்குகளில் குப்பையைக் குறைப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

விளையாட்டு அரங்கமோ, மாநாட்டு மண்டபமோ, திறந்தவெளி இசை நிகழ்ச்சியோ, குப்பையைக் குறைக்கலாம் என்று பேச்செடுத்தாலே பலரும் முதலில் கலர் கலராகத் தொட்டி வாங்கத்தான் ஓடுகிறார்கள். தொட்டி கிட்டத்தட்டக் கடைசி வேலை. எது குப்பையாகும், எது மறுசுழற்சிக்குப் போகும் என்பதெல்லாம் பெரும்பாலும் பொருள் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

படி 1: கொட்டிப் பாருங்கள்

ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் எல்லாப் பைகளையும் லாரியில் ஏற்றிவிடாதீர்கள். இருக்கைப் பகுதி, உணவுக் கடைகள், சமையலறை, சரக்கு இறக்கும் இடம் என ஒவ்வொன்றிலிருந்தும் சில பைகளைத் தனியாக எடுத்து வையுங்கள். தார்ப்பாய் விரித்து, தடித்த கையுறை போட்டுக்கொண்டு, வகைவகையாகப் பிரித்து எடை போடுங்கள். கண்ணளவை மட்டும் நம்ப வேண்டாம். காலி பாட்டில்கள் மலைபோலக் குவிந்திருக்கும், எடை ஒன்றும் இருக்காது. மிச்சமான உணவு பையின் அடியில் சப்பையாகக் கிடக்கும், தூக்கிப் பார்த்தால் கை வலிக்கும்.

படி 2: பின்பக்கத்தில் தொடங்குங்கள்

பார்வையாளர்களைத் திருத்துவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சரக்கு வரும் வழியிலும் சமையலறையிலும் அட்டைப்பெட்டிகள், சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகள், காய்கறிக் கழிவுகள் எல்லாம் ஒன்றோடொன்று கலக்காமலேயே கிடைக்கும். பழக்க வேண்டியதும் சில பணியாளர்களை மட்டும்தான். பெட்டிகளை மடித்து, நனையாமல் அடுக்கச் சொல்லுங்கள். ஈரமும் எண்ணெயும் பட்ட அட்டையை வாங்க, மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் விரும்ப மாட்டார்கள்.

படி 3: ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்

என் கணிப்பில் அதிகப் பலன் தரும் படி இதுதான். பத்துக் கடைகள் பத்து விதமான தட்டு, கப் பயன்படுத்தினால், எதை எந்தத் தொட்டியில் போடுவது என்று உங்கள் ஆட்களுக்கே தெரியாது. எல்லாக் கடைக்கும் ஒரே வகைப் பாத்திரம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.

வகையைத் தேர்ந்தெடுக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். காகிதக் கப்பின் உள்பக்கம் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், சாதாரணக் காகிதத்தோடு அதைச் சேர்க்க முடியாது. ‘மக்கும்’ என்று விற்கப்படும் பி.எல்.ஏ. (சோளம் போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) கப், சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடு கிடைக்கும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் ஒழுங்காக மக்கும். பார்க்க வழக்கமான பிளாஸ்டிக் கப் போலவே இருப்பதால் இரண்டும் கலந்தும் போகும். கரிச்சாயம் சேர்த்த கறுப்பு பிளாஸ்டிக்கையோ, தரம் பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்புக் கதிர் பல நேரம் அடையாளம் காண்பதே இல்லை. அதனால் முதலில் உங்கள் கழிவை எடுப்பவரிடம் “எதையெல்லாம் எடுப்பீர்கள்?” என்று கேட்டுவிட்டு, அப்புறம் வாங்குங்கள்.

இன்னும் நல்ல வழி, முன்பணம் வாங்கிக்கொண்டு கப் கொடுத்து, திருப்பித் தரும்போது பணத்தைத் திருப்பிக் கொடுப்பது. ஒரே வாசல் வழியாக ஆட்கள் போய்வரும் அரங்குகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். கழுவ எங்கே இடம், யார் பொறுப்பு என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 4: இப்போது தொட்டி

மறுசுழற்சித் தொட்டியைத் தனியாக வைக்காதீர்கள். பக்கத்தில் குப்பைத்தொட்டி இல்லையென்றால் எல்லாக் குப்பையும் அதற்குள்தான் போய் விழும். இரண்டையும் எப்போதும் ஜோடியாகவே வையுங்கள். பாட்டிலுக்கு வட்டத் துளை, காகிதத்துக்கு நீள்பிளவு என்று மூடியின் வாயே சொல்லிக்கொடுக்கட்டும். எதில் எதைப் போடுவது என்று காட்டும் அறிவிப்புப் பலகையைத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள், கூட்டம் சேர்ந்தால் தொட்டி மறைந்துவிடும். அதில் அன்று விற்கும் அதே கப், அதே தட்டின் படத்தைப் போடுங்கள். மறுசுழற்சியைக் குறிக்கும் மூன்று அம்பு வளையச் சின்னத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை.

பாதி குடித்த பானம்தான் பெரிய எதிரி. ஒரு கப் கவிழ்ந்தால் அந்தப் பையிலுள்ள காகிதம் முழுவதும் வீண். பக்கத்தில் மீதியை ஊற்ற ஒரு வாளி வையுங்கள், பையின் எடையும் குறையும்.

படி 5: ஆட்கள்

இடைவேளையின்போதும் நிகழ்ச்சி முடியும்போதும் தொட்டிக்குத் தொட்டி ஒரு தன்னார்வலர் நின்றால் பலகையைவிட வேலை செய்யும். தூய்மைப் பணியாளர்களைத் திட்டமிடும்போதே கூப்பிட்டுப் பேசுங்கள். எந்த மூலையில் எது குவியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பிரித்த பைகள் ஒரே லாரியில் ஒன்றாக ஏறுகின்றனவா என்றும் நேரில் நின்று பாருங்கள்.

படி 6: எடைச் சீட்டு

கழிவை எடுத்துப் போகும் ஒவ்வொருவரிடமும் எடைச் சீட்டு வாங்கி வையுங்கள். லண்டன் 2012 ஒலிம்பிக்கில், போட்டி நாட்களின் கழிவில் 70 சதவீதத்தை மறுபயன்பாடு, மறுசுழற்சி, உரமாக்கலுக்கு அனுப்ப வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் பாதிக்காமல் நிகழ்ச்சிகளை நடத்துவதற்கான ஐஎஸ்ஓ 20121 என்ற சர்வதேசத் தரநிலை வெளிவந்ததும் அதே ஆண்டுதான். ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கூடுதலாகப் பாட்டில் விற்று அதையெல்லாம் மறுசுழற்சிக்கு அனுப்பினாலும் சதவீதம் ஏறும். தலைக்கு எத்தனை கிராம் என்று சேர்த்துப் போடுங்கள்: 10,000 பேருக்கு 2,000 கிலோ என்றால் ஆளுக்கு 200 கிராம். அடுத்த நிகழ்ச்சியில் 15,000 பேர் வந்து 2,400 கிலோ சேர்ந்தால் மொத்தம் கூடியிருக்கும், ஆனால் தலைக்கு 160 கிராம்தான்.