தைராய்டும் மூளை குளோபினும்: இந்த மாதிரி ஆராய்ச்சிய எப்படி படிக்கிறது

தைராய்டு கம்மியானா மூளைல ஆக்சிஜனை பிடிக்கிற குளோபின் புரதமும் மாறுதுன்னு ஒரு ஆராய்ச்சி கண்ணுல பட்டா, முதல்ல எந்த புரதம்னு பாருங்க, ஏன்னா அங்கதான் பாதி குழப்பம். நியூரோகுளோபின் 2000ல தான் கண்டுபிடிச்சாங்க, 151 அமினோ அமிலம், நரம்பு செல்லுக்குள்ள இருக்கும். சைட்டோகுளோபின் வேற, அது உடம்பு பூரா இருக்கு. ஹீமோகுளோபினும் கொஞ்சூண்டு சில நரம்பு செல்லுலயே உருவாகுது. இதுல நியூரோகுளோபினை ஆக்சிஜன் டேங்க்னு நினைச்சுக்காதீங்க, மூளைல பெரும்பாலான இடத்துல அது ரொம்ப ரொம்ப கம்மி, தசைல மயோகுளோபின் இருக்கிற அளவுக்கு பக்கத்துலயே வராது, செல்லை அடிபடாம காப்பாத்துற வேலைதான் அதுக்குன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அதான் சரின்னு படுது.

அடுத்தது ஹார்மோன். ரத்தத்துல டி4 (தைராய்டு சுரப்பி அதிகமா விடுற ஹார்மோன்) எவ்ளோ குறைஞ்சுதுன்னு டேபிள் போட்டிருப்பாங்க, ஆனா நரம்பு செல்லுக்கு வேலை செய்யுறது டி3ங்கிற இன்னொரு தைராய்டு ஹார்மோன், அதுல பெரும்பங்கை பக்கத்துல இருக்கிற ஆஸ்ட்ரோசைட்ங்கிற துணை செல்தான் டி4ல இருந்து டியோடினேஸ் 2ங்கிற என்சைம் வெச்சு பண்ணித் தருது. டி4 குறைஞ்சா இந்த என்சைம் இன்னும் வேகமா ஓடும், மூளை தன்னோட டி3ய முடிஞ்ச வரைக்கும் காப்பாத்திக்கும். அதனால ரத்தத்துல பாதியாச்சுன்னா மூளைலயும் பாதின்னு கணக்கு போடக்கூடாது, மூளை திசுலயே டி3 அளந்தாங்களான்னு தேடுங்க.

இப்ப வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை எடை வாரியா பிரிச்சு பட்டையா காட்டுற சோதனை) படத்துக்கு வாங்க, இங்க நிதானமா பாருங்க. நியூரோகுளோபின் பட்டை 17 கிலோடால்டன் (புரதத்தோட எடை அளவு) பக்கத்துல விழணும், கீழ ஒப்பிடறதுக்கு வெச்ச ஆக்டின் புரதத்தோட பட்டை எல்லா லேன்லயும் (ஒவ்வொரு மாதிரியும் ஓடுற வரிசை) ஒரே அடர்த்தியா இருக்கணும், அது ஏத்த இறக்கமா இருந்தா மேல தெரியுற வித்தியாசத்தை நம்ப முடியாது. எம்ஆர்என்ஏ (புரதம் செய்யச் சொல்ற செய்தி) மட்டும் காட்டி புரதம் காட்டலைன்னா அது பாதி பதில்தான். ஹீமோகுளோபின்னா இன்னொன்னு, எலியோட மூளைய எடுக்கறதுக்கு முன்னாடி உப்புத் தண்ணி விட்டு ரத்தத்தை கழுவினாங்களா? கழுவலைன்னா அந்த பட்டை ரத்தத்துல இருந்து வந்ததாவே இருக்கலாம், இதை செய்முறை பகுதில ஒரே வரில போட்டிருப்பாங்க, கண்டிப்பா தேடிப் பாருங்க.

எந்த வயசு, எந்த பகுதின்னும் பாருங்க. வளர்ற மூளைல தைராய்டு பண்ற வேலை ரொம்ப பெருசு, வளர்ந்த எலி மூளைல ஹார்மோன் கொடுத்தாலும் ஆக்சிஜன் செலவு பெருசா ஏறலன்னு 1950கள்லயே பாத்துட்டாங்க. ஹார்மோனை திருப்பிக் கொடுத்த குரூப் இருக்கான்னும் பாக்கணும், குறைஞ்ச புரதம் அதுல பழைய நிலைக்கு வந்தாதான் காரணம் ஹார்மோன்னு தைரியமா சொல்லலாம்.

நீங்களே தைராய்டு மாத்திரை சாப்பிடறவங்கன்னா எலி மூளை முடிவை பாத்துட்டு தயவுசெய்து டோஸ்ல கை வைக்காதீங்க. பெரும்பாலும் டிஎஸ்எச் (தைராய்டை தூண்டுற ஹார்மோன்) பாத்துதான் டாக்டர் மாத்துவார், மாத்தினாலும் 6 வாரம் போல விட்டுதான் திரும்ப டெஸ்ட், ஏன்னா மாத்திரைல வர்ற டி4 ரத்தத்துல பாதியாகவே 7 நாள் ஆகும்.