கசங்காத கோட்டும் கச்சான் பொட்டலமும்: உளவுப் படம் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து தியேட்டருக்கு நடந்தே போய்விடலாம். இருந்தும் அத்தானோடு போனால் முதல் பத்து நிமிடம் கைவிட்டுப் போகும். "தொடக்கத்தில் பெயர்தானே ஓடும்" என்பார். குடும்பப் படத்துக்கு அந்தக் கணக்குச் சரிவரலாம். உளவுப் படத்தில் அது முதல் தவறு. 1963இல் வந்த இரண்டாவது ஜேம்ஸ் பாண்ட் படத்திலிருந்தே, பெயர்கள் ஓடுவதற்கு முன்னால் ஒரு சிறு கதையை நடத்தி முடிப்பது வழக்கமாகிவிட்டது. இந்த ஆள் எதற்குச் சிரிப்பான், எதற்குப் பதற மாட்டான் என்று அந்தச் சில நிமிடங்களிலேயே சொல்லிவிடுவார்கள். அதைத் தவறவிட்டவர்தான் இடைவேளை வரை பக்கத்து இருக்கைக்காரரின் காதைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அத்தானின் அடுத்த கேள்வி: "இப்படியெல்லாம் உண்மையில் நடக்குமா?" நடக்காது. உண்மையான உளவு வேலை பெரும்பாலும் கோப்புப் படிப்பது, காத்திருப்பது, மறுபடி காத்திருப்பது. பாண்டை உருவாக்கிய இயன் பிளெமிங் இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படையின் உளவுப் பிரிவில் பணிபுரிந்தவர். மேசை வேலையின் அலுப்பு அவருக்கு நன்றாகவே தெரியும். 1953இல் வந்த முதல் நாவலில் தொடங்கி அவர் சூதாட்ட மேசையையும் நல்ல சாப்பாட்டையும் எழுதினார் என்றால், அது அறியாமையால் அல்ல. எதை விடவேண்டும் என்று தெரிந்தே விட்டார். விட்டதைத் தேடிக்கொண்டிருந்தால் வைத்திருப்பது கண்ணில் படாது.

கொழும்புத் தமிழருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. புலனாய்வு என்ற சொல்லைக் கேட்டதும் கோட்டுப் போட்ட அழகன் நினைவுக்கு வரும் ஊரில் நாங்கள் வளரவில்லை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டி, எங்கே போகிறாய், யார் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்ற கேள்விகளுக்கு எச்சில் விழுங்கிக்கொண்டு பதில் சொன்ன தலைமுறை இது. அதனால்தான் என் மாமா ஒருவர், "உளவாளியை ரசிக்க எனக்கு என்ன விசரா?" என்று இந்த வகைப் படங்களையே ஒதுக்கிவிட்டார். அவரோடு வாதாட எனக்கு வாய் வராது. ஆனால் அவர் நினைப்பதுபோல நாங்கள் ரசிப்பது அந்த வேலையை அல்ல. திரையில் வருகிறவன் ஒரு பையில் நாலைந்து கடவுச்சீட்டு வைத்திருக்கிறான். ஒவ்வொன்றிலும் வேறு பெயர். எந்த விமான நிலையத்திலும் அவனை ஓரமாக நிற்கச் சொல்வதில்லை. எந்த மொழியில் கேட்டாலும் பதில் சொல்கிறான், குரல் நடுங்காமல். விசாவுக்காக லொட்ஜில் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்த்த தெருவில் அந்தக் காட்சிக்குக் கிடைக்கும் பெருமூச்சு, துப்பாக்கிச் சண்டைக்குக் கிடைப்பதில்லை.

ஸ்டைல் என்றால் விலை என்று எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. கைக்கடிகாரம் என்ன கம்பனி, கார் எத்தனை கோடி என்று கணக்குப் பார்ப்பவர்கள் உண்டு. 1962இல் முதல் பாண்ட் படத்தை இயக்கிய டெரன்ஸ் யங், பாண்டாக நடித்த ஷோன் கொனரியைத் தன்னுடைய தையற்காரர் அந்தனி சின்கிளேரிடமே அழைத்துப்போனார். அங்கே தைத்த கோட்டுகளில் மினுக்கம் எதுவும் கிடையாது. உடம்போடு ஒட்டிய, அடக்கமான சாம்பல், நீலம். பாண்டின் பெயரும் அப்படித்தான்: சாதாரணமாக ஒலிக்கவேண்டும் என்று பிளெமிங் ஒரு பறவை நூலின் ஆசிரியரிடமிருந்து எடுத்தது. இனி 2012இல் வந்த 'ஸ்கைஃபோல்' படத்துக்கு வாருங்கள். ஓடும் ரயிலின் பெட்டி பின்னால் பிய்ந்துகொண்டிருக்கிறது. பாண்ட் உள்ளே குதிக்கிறான். குதித்தவன் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொள்கிறான். இரண்டு விநாடிகூட வராது. அரங்கம் சிரித்துக் கைதட்டுவது அந்தக் கைமடிப்புக்குத்தான். உலகம் இடிகிறபோதும் தன்னை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பிடிவாதம் அது. கோட்டின் விலை அங்கே யாருக்கு வேண்டும்?

நாயகனை மட்டும் பார்த்து அறையைப் பாராமல் விடுவதும் நட்டம்தான். அதே 1962 படத்தில் அரங்க வடிவமைப்பாளர் கென் அடம் அமைத்த ஓர் அறை உண்டு. வெறுமையான பெரிய கூடம், கூரையில் வட்டமான கம்பித்திறப்பு, தரையில் அதன் நிழல் வலைபோல் விரிந்திருக்கும். நடுவே ஒரு நாற்காலி. வில்லன் இன்னும் கண்ணில் படவில்லை, குரல்தான் கேட்கிறது. அந்த நாற்காலியில் உட்காருகிறவன் பூச்சியாகிவிட்டான் என்பதை வசனம் சொல்லவில்லை, நிழல் சொல்லிவிட்டது.

களவுபோகும் பொருளைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்காதீர்கள். பட்டியலோ, சுருளோ, சிப்போ எதுவாகவும் இருக்கட்டும். இயக்குநர் ஹிட்ச்கொக்கின் 1959 படமான 'நோர்த் பை நோர்த்வெஸ்ட்'டில் சிலைக்குள் ஒளித்த மைக்ரோபிலிமுக்காக எத்தனை பேர் ஓடுகிறார்கள்! அதில் என்ன இருக்கிறது என்று யாரும் விளக்கமாகச் சொல்வதே இல்லை. எல்லோரும் ஓட ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான்.

சண்டை விடயத்தில் எனக்கே ஒரு தவறான எண்ணம் இருந்தது. படத்துண்டுகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றனவோ அவ்வளவு விறுவிறுப்பு என்று நம்பியிருந்தேன். 2017இல் வந்த 'அட்டாமிக் பிளொண்ட்' அதை மாற்றியது. பேர்லின் மாடிப்படிச் சண்டையைப் பல துண்டுகளாகத்தான் எடுத்தார்கள். ஆனால் வெட்டே இல்லாததுபோல் ஒட்டியிருக்கிறார்கள். நாயகிக்கு மூச்சு வாங்குகிறது, எதிரி தள்ளாடுகிறான், இருவரும் எழும்ப முடியாமல் எழும்புகிறார்கள். படத்தின் தொடக்கத்திலேயே கன்றிய உடம்போடு ஐஸ் தொட்டியில் கிடப்பாள். இப்போது யாராவது ஸ்டைலான சண்டையில் வலி இருக்காது என்றால் இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

"இதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தான் வரும்" என்பவர்களுக்கு: 1968இலேயே எம்.ஜி.ஆர். 'ரகசிய போலீஸ் 115' ஆக வந்துவிட்டார். ஜெய்சங்கருக்குத் தென்னக ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டமே இருந்தது. வசதி குறைவு, தொப்பி சரிவில் குறைவில்லை.

கைபேசியில் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கொழும்பின் காலி வீதி (Galle Road) நெரிசலில் பஸ்ஸில் நானும் பார்த்திருக்கிறேன். அறைகள் போய்விடும், கைமடிப்புப் போய்விடும், சத்தம் மட்டும் மிஞ்சும்.

சத்தம் என்றதும் கடைசியாக ஒன்று. 1996இல் வந்த முதல் 'மிஷன் இம்பொசிபிள்' படத்தில் டொம் குரூஸ் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு இறங்கும் அறையில் ஒலி, வெப்பம், தரையில் விழும் எடை மூன்றையும் காட்டிக்கொடுக்கும் கருவிகள் உண்டு. பின்னணி இசையையும் ஏறக்குறைய நிறுத்திவிட்டார் இயக்குநர் பிரையன் டி பால்மா. மூக்குக் கண்ணாடியில் ஒரு வியர்வைத் துளி திரள்கிறது, வழிகிறது, விழப்போகிறது. அந்த நேரம் பார்த்துக் கச்சான் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள், அத்தான்.