மலிவு விலை ரோன் ஒயினை வருஷக்கணக்கில் வைக்கிறவர்கள் செய்யும் தவறுகள்

போன நவம்பரில், பிரான்ஸில் லியோன் நகரத்தில் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கும்பகோணத்துத் தம்பி ஒருவர் தன் நிலவறையைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனார். இங்கே பழைய அடுக்குமாடிக் கட்டடங்களில் வீட்டுக்கு ஒரு நிலவறை உண்டு. பாதிப் பேர் உடைந்த சைக்கிளைப் போட்டு வைப்பார்கள், மீதிப் பேர் ஒயின் வைப்பார்கள். இவருடைய அறையில் ஒரே ஓர் அட்டைப்பெட்டி. கோத் து ரோன், அதாவது ரோன் ஆற்றுப் பகுதியின் சாதாரண ஒயின், 2023 அறுவடை, 12 பாட்டில், ஒன்று 8 யூரோ. பெட்டியின் மேல் தடித்த மார்க்கரில் "2035" என்று எழுதியிருந்தார்.

"அதுவரைக்கும் தொடவே மாட்டேன் அக்கா" என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே மாதிரி ஒரு பெட்டி, இதே மாதிரி மார்க்கர் எழுத்து, என் நிலவறையிலும் 10 வருஷம் இருந்தது. இந்த ஊருக்கு வந்து ஒயின் வாங்கிச் சேர்க்க ஆரம்பிக்கிற ஒவ்வொருவரும் நான் விழுந்த அதே பள்ளத்தில் விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள், கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வையுங்கள் என்பதையெல்லாம் எந்தக் கடைக்காரரும் சொல்வார். அதை விட்டுவிடுகிறேன்.

தேதி குறித்துவிட்டு, திறக்காமல் காத்திருப்பது

2009 வசந்தத்தில் நானும் மாடி வீட்டுப் பெரியவரும் அவர் காரில் தெற்கே போனோம். அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தெற்கத்தி ஒயின் பற்றி நான் கற்றதில் பாதி அவரிடம்தான். லியோனிலிருந்து ஏ7 நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் போனால் நிலமே மாறிவிடும். வடக்கில் செங்குத்தான சரிவுகளில் சிரா திராட்சை. தெற்கில் அகன்ற வெளி, உருண்டைக் கற்கள், மிஸ்த்ரால் காற்று, கிரெனாஷ் திராட்சை. தெற்கத்திச் சிவப்பு ஒயின் பெரும்பாலும் கலவைதான். கிரெனாஷ் முதுகெலும்பு, அதோடு சிரா, மூர்வெத்ர், சேன்ஸோ, காரிஞான் என்று சேர்ப்பார்கள்.

தாந்தெல் மலைகளின் அடிவாரத்தில் ஒரு கூட்டுறவு ஆலையில் ஆளுக்கு 12 பாட்டில் வாங்கினோம். கோத் து ரோன் வில்லாஜ் (சாதாரண கோத் து ரோனுக்கு ஒரு படி மேல்), 2007. தென் ரோனில் 2007 அறுவடையை விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய காலம் அது. பாட்டில் 7 யூரோ. பழைய புளி, பழைய அரிசி என்று கேட்டு வளர்ந்தவள் நான். நல்ல வருஷத்து ஒயினை 10 வருஷம் விட்டால் எப்படியிருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, பெட்டியில் "2019" என்று எழுதி, மேலே இன்னொரு பெட்டியை வைத்து மூடிவிட்டேன்.

2019-இல் என் கூடப்பிறந்த தம்பி குடும்பத்தோடு புதுச்சேரியிலிருந்து வந்திருந்தான். அன்றிரவு பெட்டியைப் பிரித்தேன். கார்க் முழுசாக, சுத்தமாக வந்தது. கோப்பையில் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தபோது ஓரம் முழுக்க செங்கல் கரைத்த தண்ணீர் நிறம். மூக்கில் சோயா சாஸ், வற்றிப்போன அத்திப்பழம். வாயில் வைத்தால் நடுவில் ஒன்றுமே இல்லை. விழுங்கின பிறகு ஆல்கஹால் மட்டும் தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. வினிகர் ஆகியிருந்தால்கூடப் பாட்டில் கெட்டது என்று சொல்லி ஆறியிருப்பேன். இது கெடவில்லை, காலியாகியிருந்தது. இரண்டாவது, மூன்றாவது பாட்டிலும் அப்படியே. தம்பி எனக்காக "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் குடித்தான். மீதி ஒன்பதில் பெரும்பகுதி ஆட்டுக்கறியோடு அடுப்பில் ஏறியது.

84 யூரோ பெரிய பணமில்லை. ஆனால் 10 வருஷத்தை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. இன்றைக்கும் அந்தப் பெட்டி ஞாபகம் வந்தால் எரிச்சலாக இருக்கிறது. எரிச்சல் இரட்டிப்பானது அடுத்த வாரம்தான். பெரியவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்தார். அதே ஒயின், அதே நாள் வாங்கியது, வருஷத்துக்கு இரண்டு பாட்டில் கணக்கில் பென்சிலால் எழுதியிருந்தார். 2010: ராஸ்பெர்ரி, மிளகு, துவர்ப்பு முரடு. 2011: முரடு அடங்குகிறது. 2012: அருமை. 2013: அதைவிட அருமை, காய்ந்த தைம் வாசனை. 2014: பழம் தேய்கிறது, 2 மீதி, இந்தக் குளிருக்குள் முடிக்கணும். அதன் கீழே ஒரு கோடு. அவர் கோடு போட்ட பிறகும் என் பெட்டி அஞ்சு வருஷம் மூடியே கிடந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அவர் நோட்டு ஏன் சரி என்பது புரியும். சிவப்பு ஒயினில் துவர்ப்பைத் தருவது டானின். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. காலப்போக்கில் டானினும் நிறப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, கடைசியில் மண்டியாக அடியில் தங்கும். அதனால்தான் வருஷம் ஆக ஆக நிறம் வெளுத்து, துவர்ப்பு மெத்தென்று ஆகிறது. இன்னொரு பக்கம் புதுப் பழ வாசனை குறைந்துகொண்டே வரும். அந்த இடத்தில் தோல், காளான், புகையிலை, காய்ந்த மூலிகை என்று முதிர்ந்த வாசனைகள் வரவேண்டும். டானினும் புளிப்பும் போதுமான அளவு இருந்தால்தான் அவை வந்து சேரும்வரை ஒயின் தாங்கும்.

கிரெனாஷ் இந்த விஷயத்தில் பலவீனமான பிள்ளை. நிறமும் டானினும் குறைவு, ஆக்சிஜன் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும். சர்க்கரை ஏராளமாக ஏறும், அதனால் ஆல்கஹால் 14, 14.5 சதவீதம் என்று நிற்கும். பழம் தேய்ந்தாலும் ஆல்கஹால் தேயாது. அன்றிரவு என் தொண்டையைச் சுட்டது அதுதான். மேலும் மலிவு ஒயினைச் செய்கிறவர்கள் அதை வருஷக்கணக்கில் வைப்பதற்காகச் செய்வதில்லை. தோலோடு ஊறவிடும் நாளைக் குறைத்து, துவர்ப்பு அதிகம் இறங்காமல், அடுத்த வருஷமே கடையில் விற்றுக் குடிக்கிற மாதிரி செய்வார்கள். அதில் தப்பே இல்லை. தப்பு என்னுடையது. மாவடு ஊறினால்தான் ருசி, ஆனால் ஒரு கட்டத்துக்குமேல் சொதசொதவென்று ஆகிவிடும். ஜாடியைத் திறந்து கடித்துப் பார்க்காமல் எந்தப் பாட்டியும் நாள் குறித்ததில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். வாங்கின வாரமே ஒரு பாட்டிலைத் திறப்பேன். அது எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரியாமல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? அப்புறம் வருஷத்துக்கு ஒன்று, முடிந்தவரை அதே மாதத்தில். நான்கு வரி எழுதி வைப்பேன். அடுத்தடுத்து இரண்டு பாட்டில் முந்தினதைவிடத் தேய்ந்திருந்தால் மீதியை அந்தக் குளிர்காலத்திலேயே தீர்த்துவிடுவேன். என் நிலவறையில், என் நாக்குக்கு, சாதாரண கோத் து ரோன் அறுவடையிலிருந்து 3 முதல் 5 வருஷம். வில்லாஜ் என்றால் 5 முதல் 8. ஜிகொந்தாஸ், வாக்கேராஸ் மாதிரி ஊர்ப்பெயர் தாங்கியவை 8 முதல் 15. இவை வெறும் எல்லைக்கற்கள்தான். உங்கள் பெட்டிக்கு உங்கள் நோட்டுத்தான் கணக்கு.

கும்பகோணத்துத் தம்பியை அன்றைக்கே ஒரு பாட்டிலைத் திறக்க வைத்தேன். மனமில்லாமல்தான் திறந்தார். ஆனால் 2035-ஐ அடிக்கவில்லை, "பார்க்கலாம் அக்கா" என்கிறார்.

எல்லாக் கலவையும் ஒன்று என்று நினைப்பது

பாட்டிலின் பின்பக்கம் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். கிரெனாஷ் 80 சதவீதம் என்றிருந்தால் சீக்கிரம் குடிக்க வேண்டிய ஒயின் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூர்வெத்ர் கணிசமாக இருந்தால் கதை வேறு. அது தடித்த தோல்காரன், டானின் அதிகம், ஆக்சிஜனை எதிர்த்து நிற்கும். இளமையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும், ஆனால் கூட இருப்பவர்களைத் தாங்கும். சிரா நிறமும் உறுதியும் கொடுக்கும். தென் ரோனில் பேர்பெற்ற ஷாத்தோநெஃப் து பாப் என்ற ஊரில், போகஸ்டெல் பண்ணையின் ஒயின்கள் 20, 30 வருஷம் தாங்குவதற்கு, கலவையில் அவர்கள் தாராளமாகச் சேர்க்கும் மூர்வெத்ர் ஒரு முக்கியக் காரணம். அது மலிவு ஒயின் இல்லைதான், ஆனால் அதே தர்க்கம் 10 யூரோ பாட்டிலுக்கும் பொருந்தும்.

அறுவடை ஆண்டும் அப்படித்தான். 2003 கோடையின் கொடும் வெயிலில் பழுத்தவையும், 2010-இல் பூ உதிர்ந்து விளைச்சல் குறைந்து செறிவும் புளிப்பும் சேர்ந்து நின்றவையும் ஒரே மாதிரி முதிராது.

ஒரு பாட்டிலை வைத்துத் தீர்ப்பு எழுதுவது

மேலே சொன்னதைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. நானே ஓடப் பார்த்தேன். தென் ரோனில் ராஸ்தோ என்ற ஊர்ப்பெயர் தாங்கிய 2010 ஒயின் ஒன்று, மூர்வெத்ர் நன்றாகவே கலந்தது, ஆறு பாட்டில் வாங்கியிருந்தேன். வாங்கியபோது பழம் ததும்பியது. 2014-இல் திறந்தால் வாசனையே இல்லை, வெறும் துவர்ப்பு, வாயை ஈரத்துணியால் துடைத்த மாதிரி. போச்சு என்று மீதியைச் சமையலுக்கு ஒதுக்கினேன். பெரியவர்தான், "தூங்குகிறது மதாம், எழுப்பாதே" என்றார். ஒயின் சில வருஷம் இப்படி மூடிக்கொள்வது உண்டு. புதுப் பழம் அடங்கி, முதிர்ந்த வாசனை இன்னும் எழாத இடைக்காலம்.

தேய்ந்துபோனதற்கும் தூங்குவதற்கும் வித்தியாசம் நிறத்திலும் துவர்ப்பிலும் இருக்கிறது. தேய்ந்தது பழுப்பேறி, துவர்ப்பும் தளர்ந்து, சுடும். தூங்குவது நிறம் உறுதியாக, துவர்ப்பு கெட்டியாக, வாசனை மட்டும் இல்லாமல் இருக்கும். அந்த ராஸ்தோவை 2017-இல் மறுபடி திறந்தேன். ஆலிவ், காய்ந்த ரோஸ்மேரி, கருப்புச் செர்ரி, எல்லாம் திரும்பி வந்திருந்தன. கடைசிப் பாட்டில் 2021-இல் போனது. அதுவும் நன்றாகவே இருந்தது.

ஒரே ஒரு பாட்டில் வாங்கி வைப்பது

எதையும் கற்க முடியாது. ஆறு வாங்குங்கள், இல்லையென்றால் அன்றைக்கே குடியுங்கள்.

சமையலறையில் வைப்பது

பிரிஜ்ஜின் தலைமேல், அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில். அழகாக அடுக்கியிருக்கும், பார்க்கும்போதே எனக்குக் கை பரபரக்கும். 12 முதல் 14 டிகிரி உத்தமம். என் நிலவறையே கோடை முடிவில் 18-ஐத் தொடும், அது பரவாயில்லை, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. தினமும் சமைக்கும்போது 28, இரவில் 19 என்று ஊசலாடினால்தான் ஆபத்து. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், குளிரில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கார்க்கின் தலை பாட்டில் வாய்க்குமேல் துருத்திக்கொண்டிருந்தாலோ, கழுத்தில் ஒட்டிய கசிவு தெரிந்தாலோ அந்தப் பாட்டிலை இந்த வாரமே திறந்துவிடுங்கள். நிலவறை இல்லாதவர்கள் படுக்கையறையில் வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் அடித்தட்டில் வைக்கலாம், ஆனால் நான் சொன்ன வருஷக் கணக்கில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டியைக் கலக்குவது

படுத்திருந்த பாட்டிலை எடுத்து நேராக மேஜைக்குக் கொண்டுவந்து திறந்தால் கோப்பைக்குள் மண்டிதான். கசக்கும், வாயில் மணல் மாதிரி நெருடும். முதல் நாளே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். கார்க்கை எடுக்கும்போது பாட்டிலைச் சுற்றாதீர்கள், திருகியை மட்டும் சுற்றுங்கள். கழுத்துக்குக் கீழே கைப்பேசி விளக்கை வைத்துக்கொண்டு, நிறுத்தாமல், ஒரே சாய்வில் டிகாண்டரில் (ஒயின் ஊற்றி வைக்கிற கண்ணாடிக் குடுவை) ஊற்றுங்கள். கழுத்தில் கருப்பு நூல் மாதிரி ஒன்று நகர்ந்து வரும், அங்கே நிறுத்துங்கள். அடியில் இரண்டு விரல்கடை மிஞ்சும். அதை விட்டுவிடுங்கள்.

பழைய ஒயினை டிகாண்டரில் மணிக்கணக்கில் வைப்பது

இளசுக்குத்தான் காற்று வேண்டும். 8 வயது கிரெனாஷுக்குக் கால் மணி நேரமே அதிகம்.

காரக் குழம்போடு திறப்பது

நம் வீடுகளில் மட்டும் நடக்கிற தவறு இது, அதனால் சொல்லியாக வேண்டும். மிளகாய்க் காரத்தின் மேல் 14.5 சதவீத ஆல்கஹால் விழுந்தால் இரண்டும் சேர்ந்து எரியும், மெல்லிய முதிர்ந்த வாசனை காணாமலே போகும். மிளகு வேறு. மிளகாய் போடாமல், மிளகும் சீரகமும் சின்ன வெங்காயமும் போட்டுச் சுண்டவைத்த ஆட்டுக்கறி என் வீட்டில் இந்த ஒயின்களுக்கென்றே செய்வது. காரக் குழம்பு வைக்கிற நாளில் போன வருஷத்துக் கோத் து ரோனை அரை மணி நேரம் பிரிஜ்ஜில் வைத்துக் குடிக்கலாம், அதற்கு அது தாங்கும்.

பாதிப் பாட்டிலை மறுநாளுக்கு வைப்பது

இளசு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். பழசு இருக்காது. துணைக்கு ஆள் இல்லாத இரவில் பழசைத் திறக்காதீர்கள்.