எடிட்டிங் செய்பவர்களுக்கு ‘எஃப்’ வேண்டாம்

கேமிங்கோடு வீடியோ எடிட்டிங்குக்கும் கணினி வாங்குவதாக இருந்தால், பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸரைத் தவிர்த்துவிடுங்கள். கோர் ஐ5 14400எஃப் கொஞ்சம் மலிவுதான். ஆனால் அதில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது, அதோடு வீடியோவை வேகமாகக் கையாள உதவும் குவிக் சிங்க் வசதியும் போய்விடுகிறது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பலவும் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 எச்.265 (நிற விவரம் கூடுதலாக உள்ள சுருக்கப்பட்ட வீடியோ வடிவம்) காட்சிகளை டீகோட் செய்யும், அதாவது விரித்துக் காட்டும் வன்பொருள் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கிராபிக்ஸ் கார்டுகளில்கூட இல்லை. எஃப் இல்லாத 14400 அதை அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. டைம்லைனை இழுக்கும்போது படம் திக்குவதில்லை. கிராபிக்ஸ் கார்டு மாட்டியதும் உள்ளிணைந்த கிராபிக்ஸ் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள இடம்) அணைந்துவிட்டதா என்று பாருங்கள்; அணைந்திருந்தால் குவிக் சிங்க்கும் வேலை செய்யாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விளையாட்டு மட்டும்தான் என்றாலோ, 4:2:2-ஐயும் கையாளும் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு வாங்குகிறீர்கள் என்றாலோ எஃப் தாராளமாகப் போதும்.