பெயர் மறந்த கார்ட்டூனைத் தேடிப் பிடிப்பது எப்படி

சின்ன வயதில் பார்த்த மாயாஜாலச் சாகசக் கார்ட்டூன் ஒன்று கண்ணுக்குள் நிற்கிறது, பெயர் மட்டும் வரவில்லை. உடனே கூகுளைத் திறக்காதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து, நினைவில் உள்ளதை எல்லாம் முதலில் எழுதுங்கள். இணையத்தில் நாலு படம் பார்த்துவிட்டால் அவை பழைய நினைவோடு கலந்துவிடும். பிறகு எது அன்று கண்டது, எது நேற்றுக் கண்டது என்று பிரிக்கவே முடியாது. அண்ணன், தங்கச்சிமாரிடம் கேட்பதென்றால் தனித்தனியாகக் கேளுங்கள். கூடியிருந்து கதைத்தால் ஒருவர் சொன்னதையே மற்றவரும் கண்டதாகச் சொல்வார்.

கதையை எழுத வேண்டாம், அது பெரும்பாலும் பிழையாகவே நினைவிருக்கும். கண்ட பொருட்களை எழுதுங்கள்: கப்பலின் வடிவம், வில்லனின் உடம்பு, கூட வந்த மிருகம், எதைத் தேடினார்கள், எத்தனை தேடினார்கள். எண்ணிக்கை நினைவிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆண்டு தெரியாவிட்டால் வீட்டை வைத்துப் பிடியுங்கள்: 1990 போர்க்கால இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா, திருகோணமலை உவர்மலை வீட்டிலா, சொந்தக்காரர் வீட்டிலா? கறுப்பு வெள்ளையில் பார்த்த நினைவை மட்டும் நம்பாதீர்கள். அது உங்கள் வீட்டுப் பெட்டியின் நிறமாக இருக்கலாம்.

நம்மூரில் பலர் தடுக்கி விழும் இடம் பெயர். இலங்கை அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துக்கு மாற்றிய கார்ட்டூன்களுக்குப் பெயரும் புதிதாகவே வைத்தார். பக்ஸ் பனி ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆனது, டொக்டர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆனது. ஆகவே சிங்களத்தில் பார்த்திருந்தால், நினைவிலுள்ள பெயரை வைத்து மூலத்தைத் தேடிப் பயனில்லை. பொருட்களை வைத்தே தேட வேண்டும்.

ஒரு உதாரணம். கொப்பியில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: எங்கும் கடல், எதையும் விழுங்கும் கறுப்புத் தண்ணீர், இறக்கை வைத்த, பேசும் குரங்கு, எலும்பால் கட்டிய கப்பலில் பெருத்த வில்லன், 13 புதையல். இது ஹன்னா-பார்பெரா 1991இல் தொடங்கிய ‘த பைரேட்ஸ் ஒஃப் டார்க் வோட்டர்’. தேடும்போது இரண்டு பொருளை மட்டும் கொடுங்கள், மற்றதைக் கையில் வைத்திருங்கள். கிடைத்த தொடரில் அந்த மிச்சமும் இருந்தால்தான் அது உங்கள் தொடர். போஸ்டரைப் பார்த்து “இதுதான்” என்று முடிவெடுப்பதே அதிகம் நடக்கும் பிழை.

இந்தத் தொடரைப் பார்க்கும்போது முதல் 5 பாகங்களையும் ஒரே கதையாகத் தொடர்ந்து பாருங்கள். அவை முதலில் ‘டார்க் வோட்டர்’ என்ற பெயரில் தனிக் குறுந்தொடராக வந்தவை. அப்போது அந்தக் குரங்குக்குக் குரல் கொடுத்தவர் ரொடி மக்டோவல், பிறகு கொடுத்தவர் ஃபிராங்க் வெல்கர். குரல் மாறியிருந்தால் போலிப் பிரதி என்று எறிந்துவிடாதீர்கள். மொத்தம் 21 பாகங்கள், 13 புதையலில் 8 கிடைத்த இடத்தில் கதை நின்றுவிடுகிறது. பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் இதை முதலே சொல்லிவிடுங்கள். அருமையான தொடர்தான், ஆனால் முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு அந்த ஏமாற்றம் பெரிது.

வீட்டில் பழைய வீடியோ கசற் இருந்தால் அதை டெக்கில் போடுவதற்கு முன் கசற்றின் கண்ணாடி ஜன்னல் வழியாக நாடா சுற்றிய சக்கரத்தைப் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளைத் தூசிபோல வளையம் தெரிந்தால் அது பூஞ்சணம். ஓட்டினால் டெக்கின் தலை அடைபடும், அடுத்துப் போடும் கசற்றுக்கும் அது தொற்றும். கரையோர ஊரில் மாரி காலத்தில் பூஞ்சணம் துடைக்கக் கசற்றைத் திறக்கவே வேண்டாம். கச்சான் காற்று வீசும் காய்ந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் இரண்டு வாரம் மூடி இறுகிய வாளியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம். அரிசியில் புதைக்காதீர்கள், மா உள்ளே போகும்.

வெளியில், முகமூடி போட்டுத்தான் திறக்க வேண்டும். அடியில் 5 ஸ்குரூ. கழற்றியதும் இரு பாதியையும் கையால் இறுக்கிப் பிடித்து, கசற்றை நேராகத் திருப்பி, பிறகு மேல்மூடியைத் தூக்குங்கள். கவிழ்த்தபடியே திறந்தால் சக்கரமும் ஸ்பிரிங்கும் கொட்டிவிடும். நாடா போகும் பாதையை உடனே போனில் படமெடுங்கள். நூல் உதிராத துணியில் 99% ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்டு விளிம்பைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு, வேண்டாத கசற் ஒன்றின் சுத்தமான கூட்டுக்குள் சக்கரங்களை மாற்றுங்கள். டெக் தலையைப் பஞ்சுக்குச்சியால் தொடக்கூடாது, நுனி சிக்கித் தலை உடையும். அதே அல்ககோல் தொட்ட மான்தோல் துணியை அசையாமல் பிடித்து, தலை பொருத்திய உருளையைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்க்கக்கூடாது.

படம் உருண்டாலோ நிறம் இல்லாமல் வந்தாலோ கசற் பழுது என்று நினைக்காதீர்கள். தொலைக்காட்சிப் பட முறை நாட்டுக்கு நாடு வேறு: கனடாச் சொந்தங்கள் அனுப்பியது என்ரிஎஸ்சி (NTSC), பிரான்சில் பதிந்தது சீகாமாக (SECAM) இருக்கலாம், நம்முடையது பால் (PAL). அந்தந்த முறையை ஓட்டும் டெக் வேண்டும்.

கணினியில் ஏற்றும்போது பால் கசற் என்றால் 720×576, நொடிக்கு 25 பிரேம், படத்தின் ஒற்றை, இரட்டை வரிகளைப் பிரிக்காமல் (deinterlace செய்யாமல்) அப்படியே. இழப்பின்றிப் பதிந்தால் மணிக்கு ஏறத்தாழ 30 ஜிபி பிடிக்கும். மலிவான எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டிகள் படத்தைப் பக்கவாட்டில் இழுத்து, முகங்களைத் தட்டையாக்கிவிடும்.

கார்ட்டூனுக்கு முன்னும் பின்னும் பதிந்திருக்கும் விளம்பரம், செய்தித் துண்டு எதையும் வெட்டாதீர்கள். எந்தச் சேனலில் எந்த ஆண்டு பதிந்தது என்பதை அவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.